அதிகாலை நான்கு மணிக்குப் பிரசவ அறையில் யார்?

இங்கிலாந்தில் 2005 முதல் 2014 வரை பிறந்த 50 லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் பிறந்த நேரத்தை ஆய்வாளர்கள் எடுத்துப் பார்த்தார்கள். வாரநாட்களில் காலை 9 மணிக்கும் மாலை 5 மணிக்கும் இடையில் பிறந்தவை மூன்றில் ஒரு பங்குகூட இல்லை, 71.5 சதவீதம் அந்த நேரத்துக்கு வெளியே பிறந்திருந்தன. தானாக வலி கண்டு தானாக நடந்த பிரசவங்கள் அதிகாலையில்தான் அதிகம். அவற்றின் உச்சம் 4 மணியை ஒட்டி. 2018-இல் இந்த ஆய்வு வெளியானபோது, பேறுகாலம் பார்த்துப் பழகிய எந்தப் பாட்டிக்கும் அது புதுச் செய்தியாக இருந்திருக்காது.

மருத்துவமனை நிர்வாகத்துக்கோ அது தீராத தலைவலி. கண்புரை அறுவைக்குத் தேதி கொடுக்கலாம். மூட்டுவலிக்காரரை அடுத்த வாரம் வரச் சொல்லலாம். பிரசவ வலிக்கு அப்படி எதுவும் சொல்ல முடியாது. ஆபத்து வரும் வேகமும் அதிகம். குழந்தை பிறந்தபின் பெருகும் இரத்தப்போக்கைத் தடுக்காவிட்டால் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் தாயின் உயிர் போய்விடலாம். பிறந்த குழந்தை மூச்சு விடவில்லை என்றால் உதவி தொடங்குவதற்கு ஒரு நிமிடம்தான் அவகாசம். எத்தனை படுக்கை, எத்தனை டாக்டர் என்ற கணக்கு இந்த இடத்தில் பாதிப் பதில்தான். செவிலியர், மகப்பேறு மருத்துவர், மயக்க மருந்து டாக்டர், குழந்தை மருத்துவர், இரத்தம் ஆகிய ஐந்தும் ஒரே நேரத்தில் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றனவா என்பது மீதிப் பதில். தமிழ்நாட்டு அரசு மகப்பேறு சேவை கடந்த கால் நூற்றாண்டில் கண்ட வெற்றியும், இன்று மாட்டிக்கொண்டிருக்கும் சிக்கலும் அந்த மீதிப் பதிலில்தான் இருக்கின்றன.

மூன்று செவிலியரின் வாரம்

நீண்ட காலம் தமிழ்நாட்டின் ஆரம்ப சுகாதார நிலையங்கள் பெரும்பாலும் பகலில் மட்டுமே உயிரோடு இருந்தன. மாலையானால் பூட்டு. இரவில் வலி எடுத்தால் தனியார் மருத்துவமனை, இல்லையென்றால் பெரியாஸ்பத்திரி. இரண்டாயிரங்களில் இந்த நிலை மாறியது. ஒவ்வொரு நிலையத்திலும் மூன்று செவிலியர்களைச் சுழற்சி முறையில் அமர்த்தி, 24 மணி நேரமும் பிரசவம் பார்க்கும் ஏற்பாடு படிப்படியாக மாநிலம் முழுவதும் பரவியது. டாக்டர் இரவில் அழைத்தால் வருவார். செவிலியர் அங்கேயே இருப்பார். மக்கள் நம்பி வரத் தொடங்கினார்கள். தேசிய குடும்பநல ஆய்வின் கணக்குப்படி தமிழ்நாட்டில் மருத்துவமனைப் பிரசவம் 2005-06-இல் 87.8 சதவீதம். 2019-21-இல் அது 99.6 சதவீதம்.

மூன்று பேர் என்ற எண்ணைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். ஒரு வாரத்துக்கு 168 மணி நேரம். ஒரு செவிலியர் வாரம் 48 மணி நேரம் வேலை பார்த்தால் மூவர் சேர்ந்து 144 மணி நேரம். யாருமே விடுப்பு எடுக்காத, யாருக்கும் காய்ச்சல் வராத, யாரும் பயிற்சிக்குப் போகாத வாரத்திலேயே 24 மணி நேரம் துண்டு விழுகிறது. ஒரே ஒரு நாற்காலியை ஆண்டு முழுக்கக் காலியாகாமல் வைத்திருக்க, விடுப்பையும் சேர்த்தால் நான்கு பேருக்கு மேல் தேவை. பிரசவ நேரத்தில் ஒரு நாற்காலியும் போதாது. குழந்தை வெளியே வந்த கணத்தில் அந்த அறையில் இரண்டு நோயாளிகள். தாய்க்கு ஆக்சிடோசின் ஊசி போட வேண்டும், இரத்தப்போக்கைப் பார்க்க வேண்டும். குழந்தையைத் துடைத்து, மூச்சு வருகிறதா என்று பார்க்க வேண்டும். இரவில் தனியாக நிற்கும் செவிலியருக்குக் கை இரண்டுதான். பல இடங்களில் மூன்றாவது, நான்காவது கையாக இருப்பவர் துப்புரவுப் பணியாளராக அமர்த்தப்பட்ட அம்மாதான்.

சிறிய நிலையங்களுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. மாதம் 30 பிரசவம் நடக்கும் இடத்தில் நாளுக்கு ஒன்று என்று காகிதத்தில் எழுதலாம். வலி அந்தக் காகிதத்தைப் பார்த்து வருவதில்லை. நிகழ்தகவுக் கணக்கின்படி அந்த மாதத்தில் ஏறத்தாழ 11 நாட்கள் பிரசவமே இருக்காது. இரண்டு மூன்று நாட்களில் மூன்றோ அதற்கு மேலோ வந்து குவியும். சராசரியை வைத்து ஆள் போட்டால் குவியும் நாளில் திண்டாட்டம். குவியும் நாளுக்கு ஆள் போட்டால் வெறும் நாளில் ‘சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள்’ என்று தணிக்கை எழுதும். தீயணைப்பு நிலையத்தில் ஆட்கள் காத்திருப்பதை யாரும் வீண் செலவு என்று சொல்வதில்லை. பிரசவ அறைக்கு அந்தச் சலுகை எளிதில் கிடைப்பதில்லை. நாளுக்கு 30 பிரசவம் நடக்கும் பெரிய மருத்துவமனையில் ஏற்ற இறக்கம் பெரும்பாலும் 20-க்கும் 40-க்கும் இடையில் அடங்கிவிடும். அங்கே வேலைப் பளு கடுமைதான், ஆனால் திட்டமிட முடிந்த கடுமை.

அடுக்குகளும் அவற்றுக்கு இடையிலான சாலையும்

1994-இல் செரீன் தாடியஸ், டெபோரா மெய்ன் என்ற இரு ஆய்வாளர்கள் தாய்மரணத்துக்கு மூன்று தாமதங்களைக் காரணமாக வகுத்தார்கள்: வீட்டில் முடிவெடுக்கும் தாமதம், வழியில் ஆகும் தாமதம், மருத்துவமனைக்குள் நேரும் தாமதம். தமிழ்நாட்டின் அமைப்பை இந்த மூன்றுக்கும் எதிராக எழுப்பிய மூன்று சுவர்களாகப் படிக்கலாம்.

முதல் சுவர் கிராம சுகாதார செவிலியர். ஊருக்கு அவர் ‘நர்சம்மா’. சமவெளியில் 5,000 பேருக்கும் மலைப்பகுதியில் 3,000 பேருக்கும் அவர் பணியாற்றும் துணை சுகாதார நிலையம் ஒன்று என்பது விதி. கர்ப்பத்தைப் பதிவு செய்து ‘பிக்மி’ எண் வாங்கித் தருவது, இரத்தசோகை, இரத்தக்கொதிப்பு, முந்தைய சிசேரியன் உள்ளவர்களைத் தனியாகக் குறித்துவைப்பது, எந்த மருத்துவமனைக்குப் போவது என்பதை வலி வருவதற்கு முன்பே வீட்டாருடன் பேசி முடிப்பது எல்லாம் அவர் பொறுப்பு. மலைவாழ் மக்கள் பகுதிகளில் பேறுகாலத்துக்குச் சில நாள் முன்பே வந்து தங்குவதற்குக் காத்திருப்பு அறைகளும் உண்டு. பிரசவ அறைக்கு வந்து சேரும் ஆபத்துகளில் எத்தனை ஆச்சரியமாக வரும், எத்தனை சொல்லிவிட்டு வரும் என்பதை இவருடைய நோட்டுப் புத்தகம்தான் தீர்மானிக்கிறது.

இரண்டாவது சுவர் 2008 செப்டம்பரில் வந்த 108 ஆம்புலன்ஸ். மூன்றாவது, மருத்துவமனை வட்டாரத்தில் ‘சீமாங்’ என்று சுருக்கிச் சொல்லப்படும் அவசர மகப்பேறு மற்றும் பச்சிளங்குழந்தை சிகிச்சை மையம். 2004-ஐ ஒட்டித் தொடங்கி நூற்றுக்கும் மேற்பட்ட தாலுகா, மாவட்ட, மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இவை நிறுவப்பட்டன. இங்கே நிபந்தனை ஒன்றுதான்: எந்த நேரமானாலும் சிசேரியன் செய்ய வேண்டும், எந்த நேரமானாலும் இரத்தம் ஏற்ற வேண்டும்.

ஆனால் இந்தச் சுவர்கள் ஒரே கொத்தனார் கட்டியவை அல்ல. ஆரம்ப சுகாதார நிலையம் பொதுசுகாதாரத் துறை இயக்குநரகத்தின் கீழ் வருகிறது. தாலுகா, மாவட்ட மருத்துவமனைகள் மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் இயக்குநரகத்தின் கீழ். மருத்துவக் கல்லூரி மருத்துவமனை மருத்துவக் கல்வி இயக்குநரகத்தின் கீழ். ஒரு கர்ப்பிணியை ‘ரெஃபர்’ செய்யும்போது அவர் இரண்டு மணி நேரத்தில் மூன்று இயக்குநரகங்களைக் கடக்கக்கூடும். கீழே இருப்பவர் ‘நேரத்தோடு அனுப்பினோம்’ என்பார். மேலே இருப்பவர் ‘கடைசி நேரத்தில் தள்ளிவிட்டார்கள்’ என்பார். அனுப்பும் முன் தொலைபேசியில் சொல்வது, கூடவே செவிலியர் வண்டியில் வருவது போன்ற விதிகள் பிறந்ததே இந்தப் பழிபோடலிலிருந்துதான்.

பெரியாஸ்பத்திரியின் உள்ளே

சென்னையில் 1844-இல் ஒரு பிரசவ ஆஸ்பத்திரி தொடங்கியது. 1880-களின் தொடக்கத்தில் அது எழும்பூருக்கு இடம் மாறியது. இன்று அது அரசு தாய்சேய் நல மருத்துவமனை. ஆசியாவின் பழமையான மகப்பேறு மருத்துவமனைகளில் ஒன்று. ஆ. லட்சுமணசுவாமி முதலியார் அதன் முதல் இந்தியக் கண்காணிப்பாளராக இருந்தார். அவர் எழுதிய மகப்பேறு பாடநூல் இன்றும் மாணவர் கையில் திருத்திய பதிப்புகளாகப் புழங்குகிறது. பிரசவ வலிப்பு நோய்க்கு எழும்பூரின் கிருஷ்ண மேனன் வகுத்த சிகிச்சை முறை 1961-இல் வெளியாகி, மெக்னீசியம் சல்பேட் அந்த இடத்தைப் பிடிக்கும்வரை இந்தியா முழுக்கக் கையாளப்பட்டது.

மெக்னீசியம் சல்பேட்டின் கதையே ஆள் கணக்கின் கதைதான். மருந்து மலிவானது. ஆனால் ஒவ்வொரு தவணைக்கு முன்பும் முழங்கால் அனிச்சை இருக்கிறதா, நிமிடத்துக்கு எத்தனை மூச்சு, சிறுநீர் எவ்வளவு என்று ஒருவர் பார்த்து எழுத வேண்டும். பார்க்க ஆள் இல்லாத இடத்தில் உயிர் காக்கும் மருந்தே உயிரை எடுக்கும்.

மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மகப்பேறு துறை ‘யூனிட்’ யூனிட்டாகப் பிரிந்திருக்கும். ஒரு பேராசிரியர் ‘சீஃப்’. அவருக்குக் கீழே இணை, உதவிப் பேராசிரியர்கள், முதுநிலை மாணவர்கள், பயிற்சி மருத்துவர்கள். வாரத்தில் ஒவ்வொரு நாளும் ஒரு யூனிட்டின் ‘அட்மிஷன் டே’. அன்று வரும் எல்லா நோயாளியும் அந்த யூனிட்டுக்கு. பொறுப்பு யாருடையது என்பதில் குழப்பம் இல்லாத ஏற்பாடு இது. பலவீனமும் இதற்குள்ளேயே இருக்கிறது. நள்ளிரவுக்குப் பின் வலியைப் பின்தொடர்வதும், முதலில் கையுறை மாட்டுவதும் பெரும்பாலும் முதுநிலை மாணவர்கள். அனுபவம் மிகுந்தவர் அடுத்த அறையிலோ தொலைபேசியின் மறுமுனையிலோ இருப்பார். எந்தக் கட்டத்தில் மூத்தவரை எழுப்பியே ஆக வேண்டும் என்று எழுதிவைத்த விதி இருக்கும் இடங்களில் இந்த ஏற்பாடு நன்றாக வேலை செய்கிறது. எழுப்பினால் திட்டு விழும் என்ற பயம் இருக்கும் இடங்களில் அப்படி இல்லை.

செவிலியர் கணக்கு இதைவிடச் சிக்கலானது. இந்திய நர்சிங் கவுன்சிலின் பழைய விதி படுக்கையை வைத்து எண்ணுகிறது: பொது மருத்துவமனையில் 5 படுக்கைக்கு ஒருவர், கற்பிக்கும் மருத்துவமனையில் 3 படுக்கைக்கு ஒருவர். பிரசவ மேசை படுக்கை அல்ல. ஒரே மேசையில் ஒரு நாளில் ஐந்தாறு பெண்கள் வந்து போகலாம். ஒவ்வொருவருக்கும் அரை மணிக்கொரு தடவை குழந்தையின் இதயத்துடிப்பைக் கேட்க வேண்டும். 2017 டிசம்பரில் மத்திய அரசு தொடங்கிய ‘லக்‌ஷ்யா’ திட்டம் பிரசவ அறையையும் அதன் அறுவை அரங்கையும் தனியாக மதிப்பிட்டுச் சான்று தருவதன் மூலம் இந்தக் குறையைத் தொட்டது. இதற்கெல்லாம் முன்பே, 2004-இல், தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகள் பிரசவ அறைக்குள் துணைக்கு ஒரு பெண்ணை அனுமதித்தன. அம்மாவோ அக்காவோ கூட நிற்பது தைரியத்துக்காக மட்டுமல்ல. ஆள் பற்றாக்குறை உள்ள அறையில் ‘இரத்தம் அதிகமாகப் போகிறது சிஸ்டர்’ என்று கூப்பிட ஒரு ஜோடிக் கண்கள் கூடுதலாகக் கிடைத்தன.

மயக்க மருந்து டாக்டர் என்ற குறுகிய கழுத்து

தாலுகா மருத்துவமனையில் அறுவை அரங்கு இருக்கும், மகப்பேறு மருத்துவர் இருப்பார், மயக்க மருந்து கொடுக்க ஆள் இருக்க மாட்டார். இந்தியா முழுக்கச் சிசேரியன் தடைப்பட்ட இடம் இதுதான். மத்திய அரசு 18 வாரப் பயிற்சி கொடுத்து எம்.பி.பி.எஸ். மருத்துவர்களையே அவசர மயக்க மருந்துக்குத் தயார் செய்யப் பார்த்தது. தமிழ்நாடு இன்னும் இரண்டு வழிகளைக் கையாண்டது. ஒன்று, வெளியில் இருக்கும் தனியார் மயக்க மருந்து மருத்துவரை ஒரு கேஸுக்கு இவ்வளவு என்று கொடுத்து அழைப்பது. இரண்டாவது, நெடுங்காலப் பயன் தரும் வழி: முதுநிலை மருத்துவ இடங்களில் பாதியை அரசு மருத்துவர்களுக்கு ஒதுக்குவது. கிராமத்தில் சில ஆண்டுகள் வேலை பார்த்தவர் மகப்பேறு, மயக்கவியல், குழந்தை மருத்துவம் படித்து அரசுப் பணிக்கே திரும்புவார். நீட் நுழைவுத்தேர்வு வந்தபின் 2017-இல் இந்த ஒதுக்கீடு ஆட்டம் கண்டது. 2020 ஆகஸ்ட் 31-இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு, இத்தகைய ஒதுக்கீடு செய்ய மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்று தீர்ப்பளித்தது. செய்தித்தாள்களில் அது மருத்துவக் கல்விச் செய்தியாக வந்தது. உண்மையில் அது தாலுகா மருத்துவமனையின் இரவுப் பணி பற்றிய தீர்ப்பும்கூட.

இறப்பை எண்ணியபோது

தமிழ்நாடு 1990-களின் நடுப்பகுதியிலிருந்தே தாய்மரணங்களைத் தனித்தனியாகப் பதிவு செய்து விசாரிக்கத் தொடங்கியது. இந்தியா அதைத் தேசிய விதியாக்கியது 2010-இல்தான். ஒரு தாய் இறந்தால் 24 மணி நேரத்துக்குள் தகவல் போக வேண்டும். பின்னர் ஊரில் ஒரு விசாரணை, மருத்துவமனையில் ஒரு விசாரணை, மாவட்ட அளவில் எல்லோரையும் வைத்து ஓர் ஆய்வு. எத்தனை மணிக்கு வந்தார், யார் பார்த்தார், இரத்தம் எப்போது கேட்கப்பட்டது, எப்போது வந்தது என்று நிமிடக் கணக்கு எழுதப்படும்போது, ஆள் எங்கே இல்லை என்பது தானாகத் தெரியவரும்.

2001-03-இல் தமிழ்நாட்டில் ஒரு லட்சம் உயிர்ப்பிறப்புக்கு 134 தாய்மரணம், 2018-20-இல் 54. இதே காலத்தில் இந்திய சராசரி 301-இலிருந்து 97 ஆனது. 2018-20-இல் கேரளத்தின் கணக்கு 19 என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

இந்த விசாரணைகளுக்கு நிழலும் உண்டு. மாவட்ட ஆட்சியர் முன்னிலையில் பதில் சொல்ல வேண்டிய மருத்துவர், அடுத்த முறை சிறு சந்தேகம் வந்தாலே நோயாளியை மேலே அனுப்பிவிடுவார், அல்லது கத்தியை எடுத்துவிடுவார்.

சிசேரியனில் ஒளிந்திருக்கும் ஆள் கணக்கு

2019-21 ஆய்வின்படி தமிழ்நாட்டில் 44.9 சதவீதப் பிரசவங்கள் சிசேரியன். தனியாரில் 63.8, அரசில் 36. இந்திய சராசரி 21.5, அரசு மருத்துவமனைகளில் மட்டும் 14.3. மக்கள்தொகை அளவில் 10 சதவீதத்தைத் தாண்டும் சிசேரியன் உயிரிழப்பைக் குறைப்பதாகத் தெரியவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2015-இல் சொன்னது.

பேராசை, நல்ல நேரம் பார்ப்பது, வலிக்குப் பயம், முதல் சிசேரியன் இரண்டாவதற்கு வழி வகுப்பது என்று காரணங்கள் பல. அரசு மருத்துவமனையைப் பொறுத்தவரை அதிகம் பேசப்படாத காரணம் ஒன்று உண்டு. சுகப்பிரசவம் ஆள் நேரத்தை விழுங்குவது. தலைச்சன் பிரசவத்துக்குப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் ஒருவர் பொறுமையாகக் கூட இருந்து கவனிக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் 2020-ஆம் ஆண்டு வழிகாட்டி, கர்ப்பப்பை வாய் 5 செ.மீ. திறந்த பிறகே தீவிர வலிக் கட்டம் தொடங்குவதாகக் கொள்கிறது. அதாவது அவசரப்படாதே என்கிறது. சிசேரியனுக்கோ ஐந்தாறு பேர் கொண்ட குழு ஒரு மணி நேரம் போதும், அதையும் பகலில் வைத்துக்கொள்ளலாம். காத்திருக்கச் செவிலியர் இல்லாத இடத்தில், அறுவை நிர்வாகத்துக்கு வசதியான வழியாகிவிடுகிறது.

பேறுகாலச் செவிலியரை நம்பிய நாடுகள்

இலங்கை வேறு பாதையில் போனது. கொழும்பில் டி சொய்சா பிரசவ விடுதி 1879-இல் தொடங்கியது. 1926-இல் களுத்துறையில் முதல் சுகாதார அலகு அமைந்தது. அங்கிருந்து வளர்ந்ததுதான் பொதுச் சுகாதார மருத்துவமாது என்ற பணி. ஏறத்தாழ 3,000 பேருக்கு ஒருவர். 1930-களில் ஒரு லட்சத்துக்கு 2,000-ஐத் தாண்டியிருந்த தாய்மரணம் 1950 வாக்கில் 500-600 ஆனது. இப்போது 30-ஐ ஒட்டி இருக்கிறது. சிறப்பு மருத்துவர்கள் எண்ணிக்கையில் பெருகுவதற்கு முன்பே பெரும் சரிவு நிகழ்ந்துவிட்டது என்பதே இலங்கைப் பாடம்.

இங்கிலாந்தில் சிக்கலற்ற பிரசவத்தைப் பார்ப்பவர் மிட்வைஃப் எனப்படும் பேறுகாலச் செவிலியர். டாக்டர் தேவைப்பட்டால் வருவார். வலி நிலைபெற்ற ஒரு பெண்ணுக்கு ஒரு மிட்வைஃப் என்பதை அந்நாட்டின் 2015 வழிகாட்டி அடிப்படை அளவாக வைத்தது. இருந்தும் ஷ்ரூஸ்பரி, டெல்ஃபோர்டு மருத்துவமனைகள் பற்றி டோனா ஓக்கன்டன் தலைமையிலான குழு 2022 மார்ச்சில் கொடுத்த அறிக்கை, நல்ல கவனிப்பு இருந்திருந்தால் 201 குழந்தைகளும் 9 தாய்மாரும் பிழைத்திருக்கக்கூடும் என்றது. ஆள் பற்றாக்குறையோடு, சுகப்பிரசவத்தை விடாப்பிடியாகப் பிடித்துக்கொண்டு மூத்த மருத்துவரை நேரத்தில் அழைக்காத பழக்கமும் அதில் குற்றமாகச் சுட்டப்பட்டது. மிட்வைஃப் முறை டாக்டருக்கு மாற்று என்று நினைப்பவர்கள் படிக்க வேண்டிய அறிக்கை அது.

இந்தியாவில் தெலங்கானா 2017-இல் கரீம்நகரில், ஹைதராபாதின் ஃபெர்னாண்டஸ் மருத்துவமனையோடு சேர்ந்து, செவிலியருக்கு 18 மாத மிட்வைஃப் பயிற்சியைத் தொடங்கியது. 2018 டிசம்பரில் மத்திய அரசு அதையே தேசியக் கொள்கையாக அறிவித்தது: பெரிய மருத்துவமனைக்குள்ளேயே, அறுவை அரங்குக்குப் பக்கத்திலேயே, மிட்வைஃப்கள் நடத்தும் தனிப் பிரசவப் பிரிவு.

சம்பளப் பட்டியலும் மேசையும்

பயிற்சி பெற்றவர் அதே அறையில் நிலைத்திருந்தால்தான் பயிற்சிக்குப் பொருள். தமிழ்நாட்டில் 2015-இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் போட்டித் தேர்வு எழுதி வந்த செவிலியர்கள் மாதம் 7,700 ரூபாய்த் தொகுப்பூதியத்தில் அமர்த்தப்பட்டார்கள். இரண்டு ஆண்டில் நிரந்தரம் என்பது எதிர்பார்ப்பு. அது நடக்காதபோது 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் ஆயிரக்கணக்கானோர் உட்கார்ந்தார்கள். பணி நிரந்தரக் கோரிக்கை அதன் பின்னும் பலமுறை தெருவுக்கு வந்திருக்கிறது. பிரசவ அறையில் ஐந்தாண்டு கைப்பழக்கம் உள்ள செவிலியரை இடமாறுதலில் வேறு வார்டுக்கு அனுப்புவதும், புதியவரை அங்கே போடுவதும் நிர்வாகத்துக்கு ஒரே எண்ணிக்கைதான். மேசையில் படுத்திருப்பவருக்கு அப்படி அல்ல.

இப்போது முன்னால் நிற்கும் முடிவு ஆரம்ப சுகாதார நிலையங்களைப் பற்றியது. சாலையும் வண்டியும் வந்துவிட்டதால் பல குடும்பங்கள் நேராகத் தாலுகா மருத்துவமனைக்கோ மருத்துவக் கல்லூரிக்கோ போகின்றன. பிரசவம் குறைந்த நிலையத்தில் செவிலியரின் கைப்பழக்கமும் குறைகிறது. அந்த நிலையங்களின் பிரசவ அறைகளை மூடி ஆட்களைச் சீமாங் மையத்துக்கு மாற்றலாம். மலையிலும் கடலோரத்திலும் தொலைவில் இருப்பவற்றை மட்டும் நான்கைந்து செவிலியரோடு வலுப்படுத்தலாம். சீமாங் மையத்தை ஒட்டி மிட்வைஃப் பிரிவைத் திறக்கலாம். மூன்றுக்கும் வாதம் உண்டு. ஆனால் பணியிட ஒதுக்கீடு படுக்கை எண்ணிக்கையை வைத்தே நடக்கும்வரை, கீழே மூடப்படும் ஒவ்வொரு பிரசவ அறையின் வேலையும் தாலுகா மருத்துவமனையில் இரவுப் பணியில் இருக்கும் அதே இரண்டு செவிலியர் மேல்தான் ஏறும். அந்த வேலையோடு சேர்த்து அனுப்ப வேண்டிய பணியிடங்கள் வேறொரு இயக்குநரகத்தின் கோப்பில் இருக்கும்.